இடப்பக்கம் மட்டும் மெத்தை போட்ட மிக்கேலுக்கு

அன்பு மாப்பிள்ளை மிக்கேல்,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் சாலையெல்லாம் எப்படி? மேகத்தில் குழி உண்டா, வேகத்தடை உண்டா? அங்கேயும் நீ ஏதாவது ஒரு தேரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கனத்த உடம்புள்ள புனிதர் எவரையாவது கூப்பிட்டு, “கொஞ்சம் பம்பர் மேல ஏறி நில்லுங்க சாமி” என்று உயிரை வாங்கிக்கொண்டிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை?

உன் முதலாண்டு நினைவுக்கு உன் தம்பி பவுல் சுவரொட்டி அடித்திருக்கிறான். உவரிக் கடற்கரையில் தொடங்கித் தச்சநல்லூரில் என் பாத்திரக் கடை வரைக்கும் ஒரு சுவர் பாக்கியில்லை. அசையாமல் நின்ற ஒரு எருமையின் மேலும் ஒட்டியதாகக் கேள்வி. அதில் உன் தலையை மட்டும் வெட்டி எடுத்து, யாரோ ஒரு சீமானின் நீலக் கோட்டுக்கு மேலே நட்டு வைத்திருக்கிறான். கழுத்தில் டை வேறு. மேல் பொத்தானைப் போட்டால் மூச்சு நின்றுவிடும் என்று கல்யாணத்தன்றே என்னிடம் சண்டை போட்டவன் நீ. படத்துக்குக் கீழே உன்னை விடிவெள்ளி என்று நாலு வரி. மூத்த மச்சான் என்ற முறையில் என்னிடமும் இரண்டு வரி கேட்டான். இரண்டு வரியில் அடங்குகிற கோபமா எனக்கு? ஆகவேதான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும்.

ஆமாம், கோபம்தான். அழவேண்டியதைப் போன வருடமே அழுது முடித்துவிட்டேன். அன்றைக்கு வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் ஒரு முழம் தண்ணீர் ஏறியது. மலையில் மழை என்று சொன்னார்கள். நம்பாதே. இப்போது கண் காய்ந்து, மீசை துடிக்கிறது. உன் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது மாப்பிள்ளை. அதோடு உன்னிடம் சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது. அதைக் கேட்டால் கல்லறைக்குள்ளேயே எழுந்து உட்காருவாய். ஆகவே சிலுவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். வரிசையாக வருகிறேன்.

உன் பிக்கப்பை உன் மகள் ஜெனிட்டாதான் ஓட்டுகிறாள். நீ போன அடுத்த மாதமே சாவியை எடுத்துவிட்டாள். விடியுமுன் உவரியில் மீனும் ஐஸும் ஏற்றி, திசையன்விளை வழியாக வந்து, தச்சநல்லூரில் இறக்கிவிட்டுத் திரும்புகிறாள். நீ பார்த்த அதே கடைகள், அதே வேலை. பவுலுக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. “ஒரு வருசம் ஓட்டட்டும், ஆண்டுப் பூசை முடிஞ்சதும் ஒக்காந்து பேசுவோம். தூத்துக்குடியில ஆளு ரெடியா இருக்கு, வண்டியக் குடுத்திருவோம்” என்று குடும்பத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டான். ஆக, உன் மகளின் பிழைப்புக்கு ஒரு வருடம் தவணை. நியாயத்தீர்ப்பு நாள், உன் ஆண்டுப் பூசை.

அந்த ஒரு வருடம் முழுக்க ஊருக்கு ஒரே பேச்சு. வண்டி ஆடுது. மிக்கேல் ஓட்டும்போது அம்புபோலப் போன வண்டி, பிள்ளை கையில் தொட்டில்போல ஆடுது. பொம்பளப் பிள்ளை ஓட்டினால் அப்படித்தான். பிரேக் பிடித்தால் இடப்பக்கம் மூக்கைக் குத்துகிறது, பின்னால் மீன்பெட்டியெல்லாம் இடப்பக்கமாகச் சரிகிறது. டீக்கடையில் சொன்னார்கள், கோயில் வாசலில் சொன்னார்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் தச்சநல்லூரில், என் கடைக்கு எதிரே, ஒரு மாடு குறுக்கே வந்தது. ஜெனிட்டா பிரேக் பிடித்தாள். மாடு பிழைத்தது. ஆனால் வண்டி இடப்பக்கம் தலையைக் கவிழ்த்த வேகத்தில் பெட்டிகள் சரிந்து, பக்கத்துப் பலகை திறந்து, சீலா மீன் அத்தனையும் நடுத்தெருவில். ஒவ்வொன்றும் என் நீளம். கொஞ்ச நேரம் அவை பாளையங்கோட்டை நோக்கி நீந்தின என்றே சொல்லலாம்.

மீன்கடைக்காரர் ஓடிவந்து கத்தினார். “ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதான? உங்க அப்பா ஒரு மீனு கீழ போட்டிருப்பாரா?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாய்மாமன் நான். குறுக்கே விழுந்து அந்த ஆளின் வாயை அடைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏட்டி, பைய பிரேக்கப் பிடிக்கப்படாதா? வண்டிய இப்பிடியா ஆட்டுவாவ?” என்றேன். எல்லோரும் கேட்கும்படி. என் குரல்தான் உனக்குத் தெரியுமே, தச்சநல்லூரில் பேசினால் பத்தமடையில் பாய் முடைகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் அழவில்லை. மீனையெல்லாம் பொறுக்கிக் கழுவிப் பெட்டியில் அடுக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

“மாமா, வண்டியில ஏறுங்க.”

“எதுக்குட்டி?”

“ஏறுங்கன்னா ஏறுங்க. ஒண்ணு காட்டுதேன்.”

ஏறினேன். ஸ்டியரிங்கைக் காட்டினாள். கறுப்பு ரெக்சின் உறை, நீ போட்டது. அதன் வலப்பக்கத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, வெளுத்து, நூல் தெரிந்தது. இடப்பக்கம் புதுக் கருக்கு அழியவில்லை.

“இது என் கையா மாமா?” என்று தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சுற்றிலும் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. “நான் ஓட்டுதது பதினோரு மாசம். இது பதினோரு மாசத்துத் தேய்மானமா? அப்பாதான் வருசக்கணக்கா வலப்பக்கமா இழுத்துப் பிடிச்சு ஓட்டியிருக்காவ. வண்டி அப்பமே ஆடியிருக்கு. அவியளுக்குக் கையில பெலம் இருந்துச்சு, வெளிய தெரியல. எனக்கு அந்தப் பெலம் இல்ல, தெரியுது. அவ்வளவுதான். நான் ஆட்டல மாமா.”

என் நூற்றுப் பன்னிரண்டு கிலோ உடம்பையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

நேரே மேலப்பாளையம் போனோம், உன் பழைய மெக்கானிக் சாகுலின் பட்டறைக்கு. நீ போனபிறகு வண்டி அங்கே போகவே இல்லை. பவுல்தான் தன் சிநேகிதன் பட்டறைக்கு மாற்றியிருந்தான். அங்கே எண்ணெய் ஊற்றினார்கள், கழுவினார்கள், “டிரைவர மாத்துங்க” என்று ஆலோசனை சொன்னார்கள்.

பட்டறையில் நான் என் உத்தியோகத்தை ஏற்றேன். ஷாக் அப்சார்பர் சோதிக்க இந்த மாவட்டத்திலேயே என்னைவிடச் சிறந்த கருவி கிடையாது என்று நீதானே சொல்வாய்? “மச்சான் ஏறி நின்னு எறங்கினா வண்டி உண்மையச் சொல்லிரும்.” வலப்பக்கம் பம்பரில் ஏறி நின்று பொத்தென்று இறங்கினேன். வண்டி ஒருமுறை எழுந்தது, அப்படியே நின்றது, சிப்பாய்போல. இடப்பக்கம் ஏறி இறங்கினேன். எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. நான் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தபோதும் ஆடிக்கொண்டிருந்தது என்று சத்தியம் செய்யத் தயார்.

சாகுல் அடியில் படுத்துப் பார்க்கவே இல்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“என்னவே, பேயடிச்ச மாதிரி நிக்கீரு? கீழ படுத்துப் பாரும்.”

“பாக்க வேண்டாம் அண்ணாச்சி. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“முன்னால இடப்பக்கம் கெடக்கது பிக்கப்புக்கு உள்ள ஷாக் இல்ல. கார் ஷாக்கு. மிக்கேல்தான் போடச் சொன்னாரு. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாரு. மவுத்தான மனுசனுக்குக் குடுத்த வாக்கு, எப்பிடிச் சொல்ல?”

மாப்பிள்ளை, அந்த இடத்தில்தான் எனக்கு மீசை நட்டுக்கொண்டது. சாகுல் சொல்லச் சொல்ல உன் லீலை முழுக்க வெளியே வந்தது. ஏழு வருடத்துக்கு முன் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி பிரகாசி ஐஸ்பெட்டியைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள் அல்லவா? பாளையங்கோட்டையில் வைத்தியத்துக்கு அவளை வாரம் இரண்டு நாள் மீன்வண்டியிலேயே கூட்டிவருவாயே? ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் “அம்மா” என்பாளாம், உனக்குத் தாங்கவில்லையாம். அதனால் அவள் உட்காரும் இடப்பக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்சி காரின் மெத்தென்ற ஷாக்கை வாங்கி, அது பிக்கப்பில் பொருந்தாதே என்று லேத் பட்டறையில் புஷ் கடைந்து, மாட்டி, யாருக்கும் வித்தியாசம் தெரியாமலிருக்க இரண்டுக்கும் சாம்பல் நிறப் பெயின்டும் அடித்துவிட்டாய்!

இரண்டு டன் மீனும் ஐஸும் சுமக்கிற வண்டி. நாலு காலில் ஒரு காலுக்கு மட்டும் பஞ்சுமெத்தை. ஷாஜகான் மனைவிக்கு மகால் கட்டினான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சக்கரத்தின் மேல் கட்டி, மேலே சீலா மீனை ஏற்றி, மூலைக்கரைப்பட்டி வழியாக ஓட்டச் சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டுச் சாகவில்லை.

சாகுலிடம் சத்தம் போட்டேன். “பதினோரு மாசமா பிள்ள ஊர்வாயில ஏச்சு வாங்குதா, நீரு இங்கன ஒக்காந்து வாக்கக் காப்பாத்திக்கிட்டு இருந்தீராவே?”

“வண்டி எங்கிட்ட வரவே இல்லையே அண்ணாச்சி. வந்திருந்தா அன்னைக்கே கழட்டியிருப்பேன். பிள்ள ஓட்டுதான்னு கேள்விப்பட்டேன், அந்த ஷாக்கோடயே ஓட்டுதான்னு எனக்கு யாரு சொன்னா? நீங்களாவது வந்தீங்களா?”

இல்லை. நானும் போகவில்லை.

அடுத்து நான்கு புது ஷாக் வாங்க ஜங்ஷனில் ஓர் உதிரிபாகக் கடைக்குப் போனோம். அங்கே நடந்த அநியாயத்தைக் கேள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். “எந்த மாடல் அண்ணாச்சி?” ஜெனிட்டா பதில் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். “லோடு எவ்வளவு ஏத்துவீங்க?” ஜெனிட்டா சொன்னாள். அவர் என் மீசையிடம், “ரோடு எப்படி?” என்றார். அவள் பேசுவது அவர் காதில் விழுகிறது, ஆனால் பதில் என் மீசையிலிருந்து வந்ததாகவே அவர் கணக்கு. வாகனம் என்றால் அதற்கு மீசை இருக்கிறவன்தான் தகப்பன் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அங்கே ஒழுங்காக இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஷாக் இருந்தது மாப்பிள்ளை. இரத்தச் சிவப்பு. பொன்னெழுத்து. தடிமன் என் முன்னங்கை. பக்கத்தில் தனியாக ஒரு கேஸ் உருளை, ராக்கெட்டுக்குப் பிறந்த குட்டிபோல. அதைத் திறந்து வைத்ததும் கடை முழுக்க ஒளி பரவி, தெருவில் போன ஆட்டோக்கள் விளக்கை அணைத்தன.

“இதப் போட்டா இமயமலைக்கே போவலாம் அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.

“ஜெனி, இதுதாம்ட்டி!” என்றேன்.

“நான் இமயமலைக்கா மீன் கொண்டு போறேன்? தச்சநல்லூருக்குத்தான போறேன்” என்றாள்.

பிறகு அவளே கடைக்காரரிடம் பேசினாள். “அண்ணாச்சி, போறப்பம் ரெண்டு டன். வாறப்பம் காலிப் பெட்டி மட்டும். இவ்வளவு முறுக்கானதப் போட்டா லோடோட நல்லாத்தான் இருக்கும். திரும்பி வாறப்பம் வண்டி தவளை மாதிரித் துள்ளும், சக்கரம் ரோட்டுல பதியாது. பாதி ரோடு நான் காலியாத்தான் ஓட்டுதேன். இந்த வண்டிக்குன்னு வாற சாதாரண லோடு ஷாக்கக் காட்டுங்க. நாலும் ஒரே கம்பெனி, ஒரே சரக்கா இருக்கணும்.”

வந்தது. கறுப்பு. ஒரு பொன்னெழுத்துகூட இல்லை. சாவு வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி ஓரமாக நின்றது. ஜெனிட்டா இரண்டிரண்டாகத் தரையில் நிறுத்தி, இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினாள், ஒருசேர இழுத்தாள். முன்னால் போடுகிற இரண்டில் ஒன்று சற்றே இலகுவாக இறங்கியது. என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவள் கைக்குத் தெரிந்தது. “இது வேண்டாம், வேற குடுங்க” என்றாள்.

கடைக்காரர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். “ரெண்டும் புதுசுதாம்மா.”

“புதுசுதான். ஜோடியில்லயே” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் என் மீசையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாற்றிக் கொடுத்தார். அவளுக்கு மட்டும் டீ சொன்னார். எனக்குக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இனிமேல்தான் சிக்கல். பட்டறையில் பழசைக் கழற்றுமுன் உன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். இடப்பக்கத்து ஷாக்தான் வண்டியை ஆட்டியிருக்கிறது, மிக்கேல்தான் போட்டிருக்கிறான், இப்போது கழற்றப்போகிறோம் என்றேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அண்ணே, அதக் கழட்டாதிய” என்றாள்.

“என்னது?”

“அதத் தொடப்படாது. அவிய எனக்காகப் போட்டது.”

“பிரகாசி, இது என்ன ஆலயத்துச் சுரூபமா, தொடப்படாதுங்க? வண்டிய ஆட்டுதது அதுதான்ட்டி! பிள்ள உசிரு அதுலதான் தொங்குது!”

“எனக்கு இடுப்பு வலிக்கும்” என்று வைத்துவிட்டாள். நீ போனபிறகு ஒரு நாள்கூட அந்த வண்டியில் ஏறாதவள்! அவள் இடுப்புக்கு வண்டியிலிருந்து என்ன வந்தது?

நான் குதித்தேன். நான் குதித்தால் மேலப்பாளையத்தில் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து இறங்கிவிடும், தெரியுமல்லவா? ஜெனிட்டாதான் அமைதியாகச் சொன்னாள். “புதுசு நாலையும் மாட்டுங்க. சனிக்கிழமை அம்மாவ ஏத்திக்கிட்டுப் போறேன். அம்மாவால ஒக்கார முடியலன்னா அந்தப் பழச மறுபடி மாட்டிருவோம். அதோட நான் ஓட்ட மாட்டேன். சித்தப்பா நெனச்சபடி முடிஞ்சு போவட்டும்.”

புரிகிறதா மாப்பிள்ளை? அம்மாவின் இடுப்பா, தன் பிழைப்பா என்று வந்ததும் அந்தப் பிள்ளை ஒரு நொடி யோசிக்கவில்லை. நீ பெற்றவள்தான். அசட்டுத்தனத்தில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை விடியலில் உவரிக்குப் போனேன். முன்னால் ஜெனிட்டா, இடப்பக்கம் பிரகாசி, பின்னால் ஐஸுக்கும் மீனுக்கும் நடுவே அத்தாட்சி எடையாக நான். சிரிக்காதே. முன்னால் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பேன், கியரும் நானும் ஒரே இடத்துக்குப் போட்டி. பின் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு சூரை மீனின் தோளில் கைபோட்டபடி, நடப்பதைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வண்டி நேராகப் போனது. அவ்வளவுதான் சொல்ல முடியும். ஜெனிட்டா ஒரு கையைத் தளர்த்திக்கூடப் பார்த்தாள். திசையன்விளைக்கு முந்தின வேகத்தடை வந்தது. வண்டி ஏறியது, இறங்கியது, நின்ற நிலைக்கு வந்தது. “அம்மா” கேட்கவில்லை. அடுத்த வேகத்தடை. கேட்கவில்லை. மூன்றாவது கொஞ்சம் முரட்டுத்தனமானது. எனக்கே முதுகெலும்பு தலையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிரகாசியிடமிருந்து ஒரு முனகல் இல்லை.

ஜெனிட்டா ஓரமாக நிறுத்தினாள்.

“அம்மா, வலிக்கா? மறைக்காமச் சொல்லு.”

“இல்ல.”

“இவ்வளவு தூக்கிப் போட்டிருக்கு, வலிக்கலயா?”

“வலி போயி ஆறு வருசம் ஆச்சுளா” என்றாள் உன் மனைவி.

மீன்களுக்கு நடுவே நான் மீனாகிவிட்டேன். வாய் திறந்தது திறந்தபடி.

“ஆறு வருசமா? பின்ன வேகத்தடைக்கு வேகத்தடை அம்மா அம்மான்னு கத்துவியே?”

“கத்தலன்னா உங்க அப்பா என்ன ஏத்துவாவளா? வலி போச்சுன்னா வைத்தியம் எதுக்கு, அலைச்சல் எதுக்கு, வீட்டுல இருன்னுருவாவ. வீட்டுல எந்நேரமும் ஆளு. எனக்கும் அவியளுக்கும் நின்னு ஒரு வார்த்த பேச எடம் ஏது? அந்த ரோடுதான் எங்களுக்கு வீடு. அந்தப் பக்கத்த மட்டும் மெத்துன்னு ஆக்கியிருக்காவன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கேட்டுக்கிடல. வலி போச்சுன்னு சொன்னா மனசு சுருங்கிப் போவும். அதான் நானும் சொல்லிக்கிடல.”

“அப்பம் ஏம்மா கழட்டாதன்னு சொன்ன?”

“கழட்டுன பெறவு ஏறுனா எனக்கு வலிக்காதே. வலிக்கலன்னா எல்லாம் வெளிய வந்துருமே. அவிய இல்லாத நேரத்துல நான் பொய் சொன்னவன்னு ஆயிருவேனே.” பிறகு குரல் உடைந்தது. “ஆனா பிள்ள, நீ ஏச்சு வாங்குனது அதுனாலதான்னு அண்ணன் போன்ல சொல்லுத வரைக்கும் எனக்குத் தெரியாதுளா. ஆத்தா சத்தியமாத் தெரியாது.”

இதுதான் மாப்பிள்ளை சேதி. எழுந்து உட்கார்ந்தாயா? உன் மனைவிக்கு இடுப்பு வலியே கிடையாது. இல்லாத வலிக்கு நீ ஐந்து வருடம் மெத்தை போட்டாய். தேவைப்படாத மெத்தையில் அவள் ஐந்து வருடம் முனகினாள். நீ ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்து இழுத்து உறையைத் தேய்த்தாய். ஒருவருக்கொருவர் இவ்வளவு அக்கறையாகப் பொய் சொல்லிக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை இந்தச் சீமையில் நான் பார்த்ததில்லை. எல்லாம் சரி. ஆனால் உங்கள் இரண்டு பேர் பிரியத்துக்கும் நடுத்தெருவில் நின்று ஏச்சு வாங்கியது யார்? அந்தப் பிள்ளை அல்லவா? அதற்கு நீ என்ன பதில் சொல்வாய்? நான்தான் என்ன சொல்வேன்?

இன்றைக்கு உன் ஆண்டுப் பூசை. சாமியார் நன்றாகப் பேசினார், சுருக்கமாகவும் பேசினார். வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தோம். கோட்டுப் போட்ட உன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. பவுல் தொண்டையைச் செருமினான். “ஒரு வருசம் முடிஞ்சிட்டு. தச்சநல்லூருல நடந்தது எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு ரோட்டுல ஒரு உசிரு போயிட்டா யாரு பதில் சொல்லுதது? வண்டிய முடிச்சிருவோம்.”

குடும்பக் கூட்டத்தில் வாயே திறக்காதவள் பிரகாசி. எழுந்து உள்ளே போனாள். நீ உடுத்திய பழைய சாரத்தில் எதையோ சுற்றி எடுத்துவந்து, உன் படத்துக்கு முன்னால் வைத்துப் பிரித்தாள். அந்தச் சாம்பல் நிற ஷாக்.

“ஆடுனது இது. ஆட்டுனவிய படத்துல இருக்காவ. ஆட்ட விட்டவ நான். பிள்ளைய எதுக்கு ஏசுதிய?”

பிறகு நான் விவரம் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பவுல் அந்த ஷாக்கை எடுத்துத் தரையில் நிறுத்தி ஒரு கையால் அழுத்தினான். எதிர்ப்பே இல்லாமல் முழுக்க இறங்கியது. இன்னொரு முறை அழுத்தினான்.

“இதப் போட்டுக்கிட்டா எங்க அண்ணன் ஆறு வருசம் நேரா ஓட்டுனான்?” என்றான். சுவரொட்டி அடித்தபோதும் பூசையிலும் அழாத பயல், அப்போது அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி ஜெனி, வண்டி ஒனக்குத்தான்” என்றான், ஏதோ பாளையக்காரர் பட்டயம் எழுதிக் கொடுக்கிற மாதிரி.

“அது இருக்கட்டும் சித்தப்பா. நாளைக்கு சீலா நெறைய வருதாம். ஐஸுக்குச் சொல்லி வைங்க” என்றாள் உன் மகள்.

வேறென்ன சேதி? புது ஸ்டியரிங் உறை வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், கை பிடிக்க நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பிரகாசி நாளையிலிருந்து வண்டியில் போகிறாளாம். என்ன காரணம் என்று கேட்டேன். “காரணம் சொல்லித்தான் ஏறணுமா?” என்றாள். உன் சுவரொட்டி ஒன்று என் கடைச்சுவரில் இருக்கிறது. ஒருவரும் பார்க்காத நேரத்தில் பேனாவை எடுத்து அந்த டையை அடித்துவிட்டு, மேல் பொத்தானையும் திறந்து வைத்திருக்கிறேன். இனி மூச்சு விடு.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பாய். இல்லை. உன் மேல் இருந்தது பாதி இறங்கியிருக்கிறது. மீதியைத் தூக்கிப் பார்த்தால் அதில் என் பெயர் எழுதியிருக்கிறது. உன் தப்பு ஒரு சக்கரத்தில் இருந்தது, மாப்பிள்ளை. என் தப்பு நடுத்தெருவில், கூட்டத்துக்கு நடுவில், என் முழுத் தொண்டையில் நடந்தது.

ஆகவே இந்த வாக்கு. நாளைக்குக் காலையில் வண்டி தச்சநல்லூருக்கு வரும்போது, அதே மீன்கடை முன்னால், நான் “பைய” என்று சொன்ன அதே இடத்தில் நிற்பேன். ஊர் கூடும்வரை காத்திருப்பேன். அன்றைக்குச் சொன்ன அதே குரலில், ஒரு இழை குறைக்காமல், “வண்டிய ஆட்டினது இவ இல்லவே! தெரியாமப் பேசினது நான்!” என்று சொல்வேன். பத்தமடையில் பாய் முடைகிறவர்கள் மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

டாக்டர் என்னை இருபது கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜெனிட்டாவுக்கு அளவு மாறாத எடை வேண்டும்.

இப்படிக்கு,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை பம்பரின் இரண்டு பக்கத்திலும் ஏறி நின்று இறங்கப்போகிற,
உன் மச்சான் சூசை